கார்சன் வீலருக்காக நின்றவன்

மெர்ல் ஹட்ச்சின்ஸ் இருபத்தேழு படங்களில் வேலை பார்த்தவன். ஒன்றில்கூட அவன் முகம் கிடையாது. ஒரே ஒரு படத்தில், மதுக்கடைக் காட்சி ஒன்றில், அவன் இடது முழங்கை இரண்டு விநாடி வந்துபோகும். அதைப் பார்க்க அவன் மனைவி டோரீன் தன் தங்கையையும் தங்கை புருஷனையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். வெளியே வந்ததும், "முழங்கை நல்லா நடிச்சிருக்கு. முழு ஆளையும் போட்டிருந்தா நீ கெடுத்திருப்ப," என்றாள்.

அவன் வேலை நிற்பது. ஒரு காட்சிக்கு விளக்கு போட்டு, கேமரா கோணம் பார்த்து, மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சரிசெய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் பெரிய நடிகரை நிறுத்தினால் மேக்கப் வழியும், எரிச்சல் வரும், நடிப்பு எங்கேயோ போய்விடும். அதனால் அவர் உயரத்தில், அவர் தோள் அகலத்தில், அவர் முடி நிறத்தில் ஓர் ஆளைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள். தரையில் கார்சன் வீலருக்கென்று நீல நாடா ஒட்டியிருக்கும். மெர்ல் அதில் கால் வைத்து நிற்பான். திரும்பச் சொன்னால் திரும்புவான், அழுகிற காட்சியென்றால் தலையைக் குனிவான். எல்லாம் தயாரானதும் உதவி இயக்குநர், "முதல் டீம் வரலாம்!" என்று கத்துவார். மெர்ல் நாடாவை விட்டு விலகுவான், கார்சன் வந்து நிற்பார். டூப் போடுகிறவனாவது மாடியிலிருந்து குதிப்பான், அவன் முதுகாவது படத்தில் தெரியும். இவனுக்கு அந்த முதுகும் இல்லை.

இந்த வேலைக்கென்று அவன் பிறந்துவிடவில்லை. ஊர் பேக்கர்ஸ்ஃபீல்டு, அப்பா எண்ணெய்க் கிணற்றில் கூலி. மெர்ல் தன் முப்பத்தாறாவது வயதில் வான் நைஸில் ஒரு சலவைக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். 1988-இல் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு உடுப்பு மூட்டை இறக்கப் போனவனை உதவி இயக்குநர் ஒருத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மூட்டையக் கீழ போடு. அங்க போய் நில்லு."

"வண்டி ரோட்டுல நிக்குதும்மா. எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்யா. ரொம்பத்தான் அலட்டிக்காத."

அந்த ஐந்து நிமிஷம் முப்பத்தொரு வருஷமாக ஓடியது.

கார்சன் வீலர் அப்போதே பெயர் வாங்கத் தொடங்கியிருந்தார். பிறகு கேட்கவே வேண்டாம். குத்துச்சண்டைக்காரர், பாதிரியார், தூக்குமேடைக் கைதி, கண்டிப்பான கணக்கு வாத்தியார் என்று அவர் எதுவானாலும் நாடு முழுக்கக் கைதட்டியது. அவர் குத்துச்சண்டைக்காரராகப் பதினைந்து கிலோ ஏற்றினால் மெர்லும் ஏற்ற வேண்டும். அவர் பாதிரியாராக மெலிந்தால் இவனும் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். தூக்குமேடைக் கைதிக்காக மொட்டை போட்டிருந்த நேரத்தில் மெர்லின் அம்மா இறந்துபோனாள். சவ அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் இவன் மண்டையையும் ஒடுங்கிய கன்னத்தையும் பார்த்துவிட்டு, செத்த அம்மாவை விட்டுவிட்டு இவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தை ஒருத்தி ஒரு மாதம் வரைக்கும் வாராவாரம் சாப்பாடு அனுப்பினாள். நோய் இல்லை, வேலைதான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

முடி விஷயம் இன்னும் மோசம். டோரீன் விக்டரி சாலையில் ஒரு பார்லரில் முடி வெட்டுகிறவள். கார்சனின் முடிக்கு என்ன சாயமோ அதே சாயத்தை அவள்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் புருஷன் தலையில் பூசுவாள். "ஊர்ல எந்தப் பொம்பளையாவது இன்னொருத்தன் மண்டைய வீட்டுல வச்சுக் குடும்பம் நடத்துவாளா?" என்று அவள் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. தன் முடி எப்படி நரைத்திருக்கிறது என்று மெர்லுக்கே தெரியாது. அவன் இதையெல்லாம் குறையாக நினைக்கவில்லை. கார்சன் அவனை நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆட்கள் இருக்கும்போது மெர்ல் "நீங்க, சார்" என்பான், தனியாக இருக்கும்போது இருவரும் வாடா போடாதான். கார்சனின் மூன்று கல்யாணமும் மூன்று விவாகரத்தும் அவனுக்குத் தெரிந்துதான் நடந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டோரீனின் கண்ணில் கோளாறு வந்தது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகிற வியாதி. ஓரத்தில் எல்லாம் தெரியும், நேராகப் பார்த்தால் புகை. கத்திரி பிடிக்க முடியாமல் பார்லரை விட்டாள். வடக்கே பிஷப் என்ற ஊரில் அவள் தங்கை இருக்கிறாள். மலையடிவாரம், நல்ல காற்று, ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. வாங்கிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு.

"இந்த ஒரு படம் முடியட்டும்," என்றான் மெர்ல்.

"முடியட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. எனக்கு உன்னை உன் சொந்த முடியோட ஒருதரம் பாக்கணும். கண்ணு போனப்புறம் வந்து நின்னுக்கிட்டு, இதோ பாரு டோரீன்னு சொல்லாத. செவிட்டுலயே அறைஞ்சிருவேன்."

அவள் முன்னால் போனாள். அந்தப் படம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. மெர்ல் போகவில்லை. போக முடியாமல் போனதுக்குக் காரணம் இருந்தது. அதை டோரீனைத் தவிர வெளியே ஒரு ஈ காக்கையிடம் சொல்ல முடியாது.

கார்சனுக்கு மறதி வந்துவிட்டது. முதலில் வசனம். மொஹாவி பாலைவனத்தில் ஒரு காட்சியில் நாலு வரிக்குப் பதினோரு டேக் வாங்கினார். எல்லோரும் வெயிலைக் குறை சொன்னார்கள். மெர்லுக்கு மட்டும் அது வெயில் இல்லை என்று தெரிந்தது, ஏனென்றால் பதினோராவது டேக்குக்கு முன்னால் கார்சன் அவனைத் தனியாக இழுத்துப்போய், "மெர்லு, இது என்ன படம்டா?" என்று கேட்டார். டாக்டரிடம் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பேர் வைத்துவிட்டால் வியாதியாகிவிடும் என்பார். அவருடைய ஏஜென்ட் கோரின் அதற்கு ஒத்து ஊதினாள். விஷயம் கசிந்தால் எந்த இன்சூரன்ஸ்காரனும் அவர் படத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டான்.

அதனால் ப்ராம்ப்ட் பண்ணுவதென்று முடிவாயிற்று. பட்டாணி அளவில் ஒரு கருவி கார்சனின் காதுக்குள் போகும். கேமராவுக்குப் பின்னால் மறைவாக ஓர் ஆள் உட்கார்ந்து, பொத்தானை அழுத்திக்கொண்டு வரி வரியாக வசனத்தைச் சொல்ல வேண்டும். கோரின் சொல்லிப் பார்த்தாள், கார்சன் குழம்பினார். நாடக அனுபவமுள்ள ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள், கார்சன் அவரோடு சண்டைக்குப் போனார். மெர்ல் சொன்னபோது மட்டும் தண்ணீர் போல வந்தது. முப்பது வருஷமாக அந்த நாடாவில் நின்று, அந்த வசனங்களை அந்த மூச்சில் முணுமுணுத்துப் பார்த்தவன் அவன்தானே.

"நீ சொன்னா நான் யோசிக்கிற மாதிரியே இருக்குடா," என்றார் கார்சன். சொல்லிவிட்டு மெர்லின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை அவர் பிறகு விடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டோரீனையும், வாயைக் கட்டி அனுப்பிவிட்ட அந்த நாடகக்காரரையும் விட்டால், ரகசியம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: மெர்ல், கோரின், ஒலிப்பதிவாளர் ரூபன் எஸ்கோபீடோ. காதில் என்ன என்று கேட்டவர்களிடம், காட்சிக்கு முன்னால் அவர் பழைய பாட்டு கேட்பார், அதுதான் அவர் பாணி என்று ரூபன் கூசாமல் அவிழ்த்துவிட்டார். ஆறே மாதத்தில் ஊரிலுள்ள இளம் நடிகர்கள் பாதிப்பேர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சோகமாக நின்றார்கள். இந்த ஊரில் பெரிய மனுஷன் தும்மினால் அதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கிவிடுவார்கள்.

மெர்ல் விடைபெற்றுக்கொள்ளாமல் இல்லை. இதை அவன் பக்கத்து நியாயமாகச் சொல்லியாக வேண்டும். நான்கு தடவை சொன்னான். டோரீன் கண்ணைப் பற்றிச் சொன்னான், வீட்டைப் பற்றிச் சொன்னான், இனி வர முடியாது என்றான். நான்கு தடவையும் கார்சன் கண் கலங்கினார், கட்டிப் பிடித்தார், "போடா, முதல்ல உன் பொண்டாட்டியப் பாரு. என்னை நான் பாத்துக்கிறேன்," என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் வரும். "எங்கடா இருக்க? வண்டி வந்து நிக்குது." விடை கொடுத்ததையே மறந்துவிடுகிற மனுஷரிடம் ஒருவன் எப்படித்தான் விடைபெறுவது? கோபப்படவும் முடியாது. மெர்ல் அவரை வெறுத்த நாட்கள் உண்டு. வெறுத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போன நாட்களும் அவையேதான்.

சென்ற வருஷம் நடந்த ஒரு கூத்துதான் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் தள்ளியது. கார்சன் அப்போது நடித்த படத்தில் மனைவியைப் பறிகொடுத்த விவசாயி. அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிளாஸ் விஸ்கியை நீட்டுவாள். இவர் மனைவியைப் பற்றி ஒரு நீளமான வசனம் பேச வேண்டும். மெர்ல் தாளை விரித்து, பொத்தானில் கட்டை விரலை வைத்து உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து, படத்துக்குப் புதிதாக வந்த சாப்பாட்டு மேசைப் பெண் ஒருத்தி சத்தமில்லாமல் வந்து அவன் மூக்குக்கு நேரே ஒரு டோனட்டை நீட்டினாள். அவனும் பழக்க தோஷத்தில் பதில் சொல்லிவிட்டான்.

"வேண்டாம்மா. அவ திட்டுவா. அப்புறம் யாரு பதில் சொல்றது?"

விரல் பொத்தானில் இருந்தது. கேமராவுக்கு முன்னால் கார்சன் விஸ்கியைப் பார்த்தார். அந்த நடிகையைப் பார்த்தார். மெல்ல, "வேண்டாம்மா. அவ திட்டுவா. அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்றார்.

மெர்லுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் விஸ்கி நீட்டிய நடிகை நிஜமாகவே அழுதாள். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நாற்காலியில் சரிந்தார். நீளமான வசனத்தை அப்படியே தூக்கிவிட்டார்கள். படம் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார்கள். செத்துப்போன மனைவிக்கு இன்னமும் பயப்படுகிற புருஷனை இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லையாம். அந்தக் கூத்து நடந்த அன்று மெர்ல் போனில் சொன்னபோது டோரீன் சிரித்துச் சிரித்து இருமினாள். "அப்ப விருது கொடுத்தா பாதிய அந்த டோனட்டுக்குக் கொடுக்கச் சொல்லு," என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டான்யா. அதுக்கப்புறம் முகம் எதுவும் தெரியாதாம்," என்றாள். அது போன செப்டம்பர்.

டோனட்டுக்கு இல்லாவிட்டாலும் கார்சனுக்குக் கொடுத்தார்கள். வாழ்நாள் சாதனைக்காக ஒரு பாராட்டு விருந்து. மே மாதம், சனிக்கிழமை மதியம், பெரிய ஹோட்டல் ஒன்றில் நானூறு பேருக்குச் சாப்பாடு. கார்சன் ஏற்புரை சொல்ல வேண்டும். கோரின் அச்சடித்துக் கொண்டுவந்த தாளை மெர்ல் காலையில்தான் பார்த்தான். கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். 'அடுத்த மூன்று வருஷமும் என்னை நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பீர்கள். வான்கூவரில் சந்திப்போம்.'

"இது என்ன கோரின்?"

"தொடர். மூணு வருஷத்துக்குக் கையெழுத்து ஆயாச்சு. செப்டம்பர்ல அங்க போறோம்."

"போறோம்னா? என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ இல்லாம அவர் பாத்ரூமுக்காவது போயிருக்காரா? ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு பேசியிருக்கேன்."

"என் பொண்டாட்டிக்குக் கண்ணு போயிட்டிருக்கு, கோரின். என்னால வர முடியாது."

"அப்படின்னா அதை அவர்கிட்டயே சொல்லிடு," என்றாள் கோரின். அவளுக்கா தெரியாது, சொன்னால் என்ன ஆகுமென்று.

ஐந்தாவது தடவையாகச் சொன்னான். கார்சன் ஹோட்டல் அறையில் கண்ணாடி முன்னால் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு சுயநலம் பிடிச்ச நாய்டா. நீ கிளம்பு, இன்னைக்கே கிளம்பு," என்று மெர்லின் தோளில் முகம் வைத்து அழுதார். மெர்ல் அவருக்குக் கழுத்துப்பட்டையைக் கட்டிவிட்டான். லிஃப்டில் இறங்கும்போது கார்சன் உற்சாகமாக, "வான்கூவர்ல குளிருமாமே. உனக்கு ஒரு நல்ல கோட்டு எடுக்கணும்," என்றார்.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒலிக்கருவிகள் வைத்திருந்த சின்ன அறையில் மெர்லும் ரூபனும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியாக மேடை தெரிந்தது. கார்சன் மைக் முன்னால் வந்தபோது நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். மெர்ல் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கொடுத்தான். கார்சன் சிரிக்க வைக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்தார், செத்துப்போன டைரக்டர்களுக்கு நன்றி சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. கடைசி வரி வந்தது. மெர்ல் அதைப் படிக்கவில்லை.

கார்சன் காத்திருந்தார். காதில் எதுவும் வராவிட்டால் அவர் அப்படித்தான் லேசாகப் புன்னகைத்துக்கொண்டு நிற்பார். நெகிழ்ந்துபோய் நிற்கிறார் என்று கூட்டம் நினைத்தது. முதல் வரிசையில் கோரின் திரும்பி அந்த அறையைப் பார்த்தாள்.

"படி, மெர்ல்," என்றார் ரூபன்.

அவரிடம் சொன்னால் மறந்துபோகிறார். நானூறு பேரிடம் சொன்னால் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள். மெர்லின் கணக்கு அவ்வளவுதான். அது தவறு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மனுஷன் வாயில் அவனைக் கேட்காமல் வார்த்தையை வைப்பதைவிடப் பெரிய திருட்டு என்ன இருக்கிறது? ஆனாலும் பொத்தானை அழுத்தினான்.

"இதுதான் என் கடைசி மேடை," என்றான்.

"இதுதான் என் கடைசி மேடை," என்றார் கார்சன்.

கூட்டத்தில் ஒரு பெண் 'ஐயோ' என்றாள். மெர்ல் அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவும்தான் நினைத்தான். ஆனால் மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்தது கூடவே வந்துவிட்டது. "களைச்சுப் போயிட்டேன். என் மனைவி எனக்காக ஒரு வீட்டுல காத்துக்கிட்டிருக்கா. அவ கண்ணு இருக்கும்போதே நான் அவகிட்டப் போகணும். வீட்டுக்குப் போறேன்."

கார்சன் ஒவ்வொன்றையும் சொன்னார். மெர்லின் குரல் உடைந்த இடத்தில் தானும் உடைந்து சொன்னார். அதே வார்த்தைகளை மெர்ல் டோரீனிடம்கூட அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. கூட்டம் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று அழுதது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான், மூன்று தடவை விவாகரத்து வாங்கிய மனுஷருக்கு எந்த மனைவி காத்திருக்கிறாள் என்று பத்திரிகைக்காரர்களுக்கு உறைத்தது.

கோரின் தாழ்வாரத்தில் மெர்லைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கார்சன் பக்கத்திலேயே, விருதை ஒரு கையிலும் மெர்லின் சட்டைக் கையை இன்னொரு கையிலும் பிடித்தபடி நின்றார்.

"வீட்டுக்குப் போறேன்னு சொல்ல வச்சியே, எந்த வீட்டுக்குடா? காலியா கெடக்கிற அவரோட பங்களாவுக்கா? ஊரே டிவியில பாத்தாச்சு. வான்கூவர்க்காரன் போன் பண்ணிட்டான். எல்லாம் போச்சு!"

"போகட்டும் கோரின். அவருக்கு முடியல. உனக்கும் தெரியும்."

"ஓ, முடியலையா? சரி. இனி நான் அவருக்கு யாரு? நீதானே அவரை வீட்டுக்கு அனுப்பி வச்ச? கூட்டிட்டுப் போ." அவள் குதிகால் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

கார்சன் வீட்டு வேலைக்காரி சனி ஞாயிறு வர மாட்டாள். பங்களா வாசலில் இந்நேரம் கேமராக்கள் குவிந்திருக்கும். லண்டனில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லை. மெர்ல் ஹோட்டல் அறையிலிருந்த பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டுத் தன் பழைய பிக்கப் வண்டிக் கதவைத் திறந்தான், கார்சன் கேள்வி கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். மொஹாவியில் பெட்ரோல் போடும்போது மெர்ல் டோரீனைக் கூப்பிட்டு, "வந்துக்கிட்டே இருக்கேன். இனிமே திரும்பிப் போகப் போறதில்ல," என்றான். "கோழி பொரிக்கட்டுமா?" என்று கேட்டாள் டோரீன். கூட ஒருத்தர் வருகிறார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"எங்கடா போறோம்?" என்றார் கார்சன்.

"வீட்டுக்கு."

"ஆமா, ஆமா. என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா."

"அது என் பொண்டாட்டிடா. டோரீன். உனக்குத் தெரியும்."

"ஓ," என்று தலையாட்டினார் கார்சன். பத்து மைல் போனதும், "என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா, கொஞ்சம் வேகமாப் போ," என்றார். மெர்ல் மறுபடி திருத்தினான். அதற்கடுத்த பத்து மைலிலும் திருத்தினான். லோன் பைன் என்ற ஊரைத் தாண்டியபோது அலுத்துப்போய் விட்டுவிட்டான். அவர் வாயில் அதை வைத்தவனே அவன்தான், எத்தனை தடவை பிடுங்குவது?

பிஷப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது, வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டி நின்றதும் கார்சன் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். வண்டி எங்கே நின்றாலும் அவர் முதலில் இறங்குவதும், மெர்ல் பின்னால் பெட்டியோடு வருவதும் முப்பத்தொரு வருஷப் பழக்கம். இன்றைக்கும் மெர்ல் யோசிக்காமல் பின்பக்கம் போய்ப் பெட்டியைத்தான் இறக்கினான். நிமிர்ந்து பார்த்தபோது டோரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியிருந்தாள். பச்சைக் கவுன் போட்டிருந்தாள், உதட்டுக்குச் சாயம் கோணலாகப் பூசியிருந்தாள்.

டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தை வியாதி மதிக்கவில்லை. மூன்று வாரமாகவே அவளுக்கு முகங்கள் தெரிவதில்லை. தோளும் முடியும் நடையும்தான் மங்கலாகத் தெரியும். பரிதாபப்பட்டு வர வேண்டாம், தானாக வரட்டும் என்று அவள் போனில் மறைத்துவிட்டாள்.

அவள் கார்சனின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்தாள். "வந்துட்டியா," என்றாள். "இவ்வளவு நாளாச்சா உனக்கு, கிழட்டுப் பயலே." அவர் மார்பில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினாள்.

கார்சனின் கைகள் தாமாகவே அவளை அணைத்துக்கொண்டன. இந்தக் காட்சியை அவர் இருபது படத்தில் நடித்திருக்கிறார். பிறகு அவள் தலைக்கு மேலாக மெர்லைப் பார்த்து, புருவத்தை லேசாக உயர்த்தினார். ஒவ்வொரு டேக்கிலும் அடுத்த வரிக்காகப் பார்க்கிற அதே பார்வை.

மெர்லுக்கு வரி வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'வந்துட்டேன் டோரீன், இனி எங்கயும் போகமாட்டேன்.' அதை அவர் எவ்வளவு அழகாகச் சொல்வார் என்றுகூட அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"டோரீன்," என்றான். "அது கார்சன். நான் இங்க இருக்கேன்."

அவள் அழுகை நின்றது. கையை எடுக்கவில்லை. "குரல் அங்கேயிருந்து வருது," என்றாள் மெதுவாக. "எங்க, கிட்ட வா."

மெர்ல் பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் குனிந்தான். அவள் ஒரு கையைக் கார்சனின் முகத்திலேயே வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவனைத் தடவினாள். கன்னம், காது, நெற்றி, ஒரே நாவிதர் ஒரே நாளில் வெட்டிவிட்ட முடி. நெடுநேரம் தடவினாள். கார்சன் அசையாமல் நின்று கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்யா இருக்கு," என்றாள் டோரீன். "பேசு. நிறுத்தாமப் பேசிக்கிட்டே இரு."

மெர்ல் வாயைத் திறந்தான். தனக்கென்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தையும் உடனே வரவில்லை.